இலங்கை மலைநாட்டுப் பழைய ஸ்டேஷன்ல வீல்செயாரோட கோச்சி (ரயில்) ஏறுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு நம்ம பக்கத்து ஆளுங்க திரும்பத் திரும்பக் கேக்குறதையும் அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலையும் இங்க சேத்து வச்சிருக்கேன். எங்க மாமா முதுகெலும்பு அடிபட்டு வீல்செயார்ல இருக்கிறவரு, அவரை றாகமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வந்ததுல பாதி தெரிஞ்சது, மீதி இஞ்சினியரிங் படிச்ச பொடியன்கள்கிட்ட கேட்டும் சட்டத்தைப் புரட்டியும் தெரிஞ்சுக்கிட்டது. ராம்ப், லிஃப்ட், டொய்லட்னு எல்லாத்தையும் கதைப்போம், ஆனா என்னோட கட்சி ஒண்ணுதான்: பிளாட்போமுக்கும் கோச்சித் தரைக்கும் நடுவுல இருக்கிற உயரத்தை ஒரே ஒரு கதவுக்காவது சரி பண்ணாம மத்த எதைப் பண்ணினாலும், அது ஆளை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து திருப்பி அனுப்புற வேலை.

நம்ம ஸ்டேஷன் எல்லாம் ஏன் இப்படி ஏறி இறங்கவே கட்டி வச்சிருக்காங்க?

ஆளுக்காகக் கட்டலையே, அதான். 1867ல கண்டிக்கு கோச்சி வந்தது கோப்பிக்காக. அப்புறம் 1874ல நாவலப்பிட்டி, 1884ல ஹட்டன், அடுத்த வருஷமே நானுஓயா, 1894ல பண்டாரவளை, கடைசியா 1924ல பதுளை. தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கணும், தோட்டத்துக்கு அரிசி மேல ஏறணும், இதுதான் துரைமாரோட கணக்கு. அந்தக் காலத்து ரயில்வே வழக்கம் ஒண்ணு இருக்கு, கூட்ஸ் ஷெட் மேடையை வேகன் தரை மட்டத்துக்கே கட்டுவாங்க, பெட்டியைத் தூக்கவே வேணாம், அப்படியே தள்ளி உள்ள விட்டுறலாம். ஆள் ஏறுற பக்கத்தைத்தான் தாழ்வா விட்டு, தெம்பு இருக்கிறவன் ஏறிக்கட்டும்னு விட்டாங்க. தேயிலைப் பெட்டிக்கு நூறு வருஷத்துக்கு முன்னயே கிடைச்ச வசதி நம்ம அப்பாயிக்கு இன்னும் கிடைக்கல.

அதோட மலை. பாதையோட ஏத்தம் சில இடத்துல 44 அடிக்கு ஒரு அடி, வளைவு சில இடத்துல 5 செயின், அதாவது கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆரம்தான். மலையை வெட்டிக் கிடைச்ச கொஞ்ச சமதரையில ஸ்டேஷனைச் சொருகி வச்சதால பிளாட்போமும் பல இடத்துல வளைஞ்சுதான் இருக்கு. வளைவுல நேரான பெட்டி வந்து நின்னா ஒரு கதவு ஒட்டி நிக்கும், இன்னொரு கதவு தள்ளி நிக்கும். உயரமும் இருக்கு, இடைவெளியும் இருக்கு, ரெண்டும் சேந்துதான் பிரச்சினை.

இதுக்கு சட்டம் ஏதும் இருக்கா?

தாராளமா இருக்கு. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளோட உரிமையைப் பாதுகாக்கத்தான் வந்துச்சு, பொதுக் கட்டடத்துக்குள்ள போக விடாம தடுக்கக் கூடாதுன்னு அதோட 23ஆம் பிரிவு சொல்லுது. 2006 ஒக்டோபர்ல அதுக்குக் கீழ விதிமுறைகள் வர்த்தமானியில வந்துச்சு, ராம்ப், கதவு, டொய்லட், லிஃப்ட் எல்லாம் எப்படி இருக்கணும்னு அதுல இருக்கு, ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடங்களுக்கு முதல்ல குடுத்த டைம் மூணு வருஷம். 2011 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் புதுசா கட்டுற பொதுக் கட்டடம் இந்த விதிமுறைப்படிதான் இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, அந்த வழக்கைப் போட்டவர் அஜித் சி. எஸ். பெரேரா, 1992ல கார் மேல மரம் விழுந்து வீல்செயாருக்கு வந்த மனுசன். 2016ல ஐநாவோட மாற்றுத்திறனாளி உரிமை சாசனத்தையும் நம்ம நாடு ஏத்துக்கிட்டுச்சு. ஆக கேட்டு வாங்குற உரிமைதான் இது, யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியது இல்ல.

அப்ப ஏன் இன்னும் ஒண்ணும் நடக்கல?

காசு இல்லன்னு சொல்லுவாங்க, அதுவும் பொய் இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம் வேற, கட்டடம்னு யோசிக்கிறவங்க வாசல்ல ஒரு ராம்ப் போட்டு போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு எழுதிருவாங்க, பெட்டி வாங்குறவங்க பெட்டியை மட்டும் பாப்பாங்க, பிளாட்போம் ரயில் பாதை பாக்குறவங்க கையில, இந்த மூணும் சந்திக்கிற அந்த ஒரு அடி ஒண்ணரை அடி யாரோட வேலையும் இல்லாம அந்தரத்துல நிக்குது. புதுப் பெட்டி வாங்கும்போது பிளாட்போமை அளந்து பாத்து வாங்கினா, பிளாட்போமைப் புதுப்பிக்கும்போது பெட்டியை அளந்து பாத்துக் கட்டினா, தனியா ஒரு சதம் செலவில்லாமலே பாதி சரியாயிரும்.

ராம்ப் போட்டா சரிதானே?

எப்படிப் போடுறோம்ங்கறதுல இருக்கு விசயம். பல நாட்டுல ஏத்துக்கிட்ட கணக்கு 12க்கு 1, அதாவது ஒரு அடி ஏறணும்னா 12 அடி நீளம் வேணும். வாசல்ல 15 சென்டிமீட்டர் படி ஒண்ணு இருந்தா 1.8 மீட்டர் ராம்ப், அது லேசு. ஒரு மீட்டர் உயரம்னா 12 மீட்டர் ஆயிரும், நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதரையும் விடணும். நம்ம ஆளுங்க இடம் பத்தலன்னு 5க்கு 1, 4க்கு 1னு செங்குத்தா சீமெந்தைக் கொட்டி வச்சிருவாங்க, அதுல கூட ஆள் இல்லாம ஏறவும் முடியாது, இறங்கும்போது செயார் தன் பாட்டுக்கு ஓடும். அப்படி ஒண்ணு இருக்கிறதுக்கு இல்லாம இருக்கிறதே மேல்.

அடுத்தது பாசி. இதைக் கொழும்புல இருந்து பிளான் வரையிறவங்க மறந்துர்றாங்க. வட்டவளைப் பக்கம் வருசம் பூரா மழை, நானுஓயா பக்கம் மிஸ்ட். பளபளன்னு டைல் பதிச்ச ராம்ப் திறப்பு விழா அன்னைக்கு நல்லா இருக்கும், மூணு மாசத்துல ஓரமெல்லாம் பச்சை ஏறி சவுக்காரம் மாதிரி வழுக்கும், ஊன்றுகோல் வச்சிருக்கிறவருக்கு அதுல கால் வைக்கவே பயம். கொங்கிரீட் காயுறதுக்கு முன்ன விளக்குமாத்தால குறுக்க ஒரு இழுப்பு இழுத்துவிட்டா சொரசொரப்பு வந்துரும், செலவே இல்ல. மேல தகரக் கூரை, தண்ணி ஓட ஒரு சின்னக் கான், ரெண்டு பக்கமும் கைப்பிடி, வாரத்துக்கு ஒருக்கா தேச்சுக் கழுவ ஒரு ஆள். கைப்பிடியை இரும்புல போட்டா காலையில குளிருல விறைக்கும்னு ஒரு அம்மா சொன்னாங்க, அதுவும் சரிதான், மேல பிளாஸ்டிக் உறை போட்டா முடிஞ்சுது.

வெளிநாட்டுல கையில தூக்கிட்டு வர்ற ராம்ப் இருக்கே, கதவுக்கு வச்சு ஏத்துறாங்களே, அது நமக்கு ஆகாதா?

எல்லாரும் கேக்குற கேள்வி, எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு, கணக்குப் போட்டுப் பாத்தா கதை வேற. பிளாட்போமுக்கும் பெட்டித் தரைக்கும் 45 சென்டிமீட்டர் வித்தியாசம்னு வச்சுக்குவோம். 12க்கு 1னு வச்சா 5.4 மீட்டர் நீளப் பலகை வேணும். அவ்வளவு நீளத்தை யாரு தூக்குறது, கதவுக்கு நேரா நீட்டி வைக்க நம்ம பிளாட்போம்ல அகலம் எங்க? சரி ரெண்டு பேர் பின்னால தள்ளுவாங்கன்னு 6க்கு 1 செங்குத்தா வச்சாலும் 2.7 மீட்டர். ஜப்பான்ல ஸ்டேஷன் ஆள் ஒரு பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து சட்டுனு வைக்கிறாருன்னா அங்க வித்தியாசம் விரல் கணக்குல இருக்கு. அதனாலதான் அது பலகையா இருக்கு, இங்க அது பாலமா ஆயிருது.

அப்ப முதல்ல பிளாட்போமை உசத்தணும். முழுசா இல்ல, ஒரு துண்டு.

ஒரு துண்டுன்னா?

இங்கிலாந்துல கம்பிரியாங்கிற பக்கம் ஹாரிங்டன்னு ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கயும் பழைய தாழ்வான பிளாட்போம், முழுசா உசத்தக் காசு இல்ல. 2008ல என்ன பண்ணினாங்கன்னா ஒரு கதவு வந்து நிக்கிற இடத்துல மட்டும் மேடு மாதிரி உசத்தி, ரெண்டு பக்கமும் சரிவா இறக்கி விட்டுட்டாங்க. முழு பிளாட்போமையும் உசத்துற செலவுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் போச்சு. அதுக்கு ஹாரிங்டன் ஹம்ப்னே பேராச்சு, அப்புறம் அந்த நாட்டுல வேற ஸ்டேஷன்களுக்கும் போச்சு.

நம்ம மலைப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியல. பிளாட்போம் நேரா இருக்கிற ஒரு இடமாப் பாத்து 35 சென்டிமீட்டர் உசத்துறோம்னா சரிவுக்கு 4.2 மீட்டர் வேணும், மேல வீல்செயார் திரும்ப ஒண்ணரை மீட்டருக்குக் குறையாத சமதரை. மிச்சம் இருக்கிற 10 சென்டிமீட்டருக்கு 1.2 மீட்டர் பலகை போதும், அதை ஒரு ஆள் தூக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் செவத்துல மாட்டி வைக்கலாம்.

சிக்கல் இல்லாம இல்ல. பெட்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மிதிபடி மேட்டுல இடிக்கக் கூடாது, அதனால உயரத்தையும் விளிம்பையும் அந்தப் பாதையில ஓடுற எல்லா இஞ்சினுக்கும் பெட்டிக்கும் எண்ணெய் டேங்கருக்கும் அளந்துதான் முடிவு பண்ணணும். வளைவுல இது ஆகவே ஆகாது. இன்னொண்ணு, கோச்சி நிக்கும்போது குறிச்ச பெட்டியோட கதவு மேட்டுக்கு நேரா நிக்கணும், அதுக்கு டிரைவர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரு நிறுத்தப் பலகை, எல்லா கோச்சியிலயும் அந்தப் பெட்டி ஒரே இடத்துல கோக்கணும். இதுல கொங்கிரீட்டைவிட ஒழுங்குதான் ஜாஸ்தி வேணும்.

ரெண்டாவது பிளாட்போமுக்கு எப்படிப் போறது? படிப்பாலம்தானே இருக்கு?

றம்புக்கனைக்கு மேல பெரும்பாலும் ஒத்தைப் பாதை. ஒரு கோச்சி ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கும், எதிர்ல வர்றது போகும், அதனால நம்ம கோச்சி எந்தப் பிளாட்போமுக்கு வரும்னு கடைசி நேரத்துலதான் தெரியும். பாலத்துக்கு ராம்ப் போடலாம்னா 6 மீட்டர் உயரத்துக்கு 72 மீட்டர் நீளம் ஆகும், நடுவுல நிக்கிற இடங்களையும் சேத்தா 80ஐத் தாண்டிரும், ரெண்டு பக்கமும் அப்படி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எங்க வைக்கிறது?

லிஃப்ட் வைக்கலாம். கண்டி மாதிரி கூட்டம் இருக்கிற இடத்துக்கு அது நியாயம்தான். ஆனா லிஃப்ட்டை வாங்குறது சின்ன விசயம், அதை இருவது வருஷம் ஓட வைக்கிறதுதான் பெருசு. கரண்ட் போகும், ஈரத்துல துரு பிடிக்கும், பழுதானா கொழும்புல இருந்து ஆள் வரணும், அது வர்ற வரைக்கும் கதவுல ஒரு காகிதம் ஒட்டி வச்சிருப்பாங்க. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாம லிஃப்ட் கேக்காதீங்க.

சின்ன ஸ்டேஷனுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணுக்குச் செலவே இல்ல: வீல்செயார்ல ஒருத்தர் வர்றார்னு முன்னயே தெரிஞ்சா, சிக்னல் அமைப்பு விடுற இடத்துல, அந்தக் கோச்சியை ஸ்டேஷன் கட்டடம் இருக்கிற பிளாட்போமுக்கே எடுக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் நினைச்சா நடக்கிற காரியம், நல்ல மனசு உள்ளவங்க இப்பவும் செய்யுறாங்க. ஆனா ஒருத்தரோட நல்ல மனசை நம்பி எத்தனை பேர் பயணம் போறது, அதை எழுதின விதியா ஆக்கணும்.

ரெண்டாவது, பிளாட்போம் முனையில தண்டவாளத்தை மட்டமா கடக்கிற பாதை. நம்ம சனம் இப்பவே மூட்டையோட குறுக்கதான் போறாங்க. பாதையை ஒழுங்கா கட்டி, கேட் போட்டு, ஸ்டேஷன் ஆள் கூட வந்து கடத்திவிடணும். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கோச்சிதான் ஓடுற நம்ம பாதையில இது நடக்கக்கூடியது. இங்க கவனிக்க வேண்டிய ஒரு சின்ன இடம் இருக்கு: தண்டவாளத்துக்கு உள்பக்கம் கோச்சிச் சில்லோட விளிம்பு போக ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், விட்டே ஆகணும், வீல்செயாரோட முன் சில்லு சின்னது, சரிஞ்சு போனா அது காடிக்குள்ள திரும்பி இறங்கி அப்படியே பூட்டிக்கும். எங்க மாமாவுக்கு ஒருக்கா அது நடந்து, செயாரை முன்னுக்குத் தள்ளத் தள்ள இன்னும் இறுகிச்சு, பின்னுக்கு சாய்ச்சுத்தான் எடுத்தோம். அதனால பாதை தண்டவாளத்துக்கு நேர் குறுக்கா இருக்கணும், காடி எவ்வளவு ஒடுக்கமா விட முடியுமோ அவ்வளவு ஒடுக்கமா, தள்ளுறவங்க முன் சில்லை லேசாத் தூக்கிக் கடக்கணும்.

பழைய அழகான ஸ்டேஷன், இதெல்லாம் பண்ணினா கெட்டுப் போகாதா?

எல்ல, தெமோதரை பக்கம் போட்டோ எடுக்க வர்றவங்கதான் இதை ஜாஸ்தி கேக்குறாங்க. பழைய கட்டடத்தை நானும் ரசிக்கிறவன்தான். ஆனா பிளாட்போம்ல ஒரு மேடு கட்டினா கட்டடத்துல ஒரு கல்லைக்கூடத் தொடல. ராம்ப்பைக் கழட்டக்கூடிய மாதிரி இரும்புச் சட்டத்துல வச்சா செவத்துக்குச் சேதம் இல்ல. லண்டன்ல செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேஷன் 1868ல திறந்தது, உச்சத்துல பாதுகாக்கிற கட்டடம், அதுக்குள்ளயே லிஃப்ட் வச்சுட்டாங்க, யாரும் அழகு கெட்டுப் போச்சுன்னு அழல. நம்ம ஸ்டேஷன்ல பிளாஸ்டிக் போர்டும் போன் கம்பெனி விளம்பரமும் தொங்குறப்ப வராத கவலை ராம்ப்னதும் வருது பாருங்க.

பார்வை இல்லாதவங்களுக்கு என்ன வேணும்?

பிளாட்போம் விளிம்புக்கு முன்ன புள்ளி புள்ளியா மேடு வச்ச கல் வரிசை. காலுல, தடியில பட்டதும் இதுக்கு மேல போகாதன்னு தெரியும். கோடு கோடா இருக்கிற கல் வழி காட்டுறது, புள்ளி எச்சரிக்கிறது, இதை மாத்திப் பதிச்சா ஆளைக் கொன்னுரும். ஜப்பான்ல செயிச்சி மியாக்கேங்கிறவர் 1965ல கண்டுபிடிச்சு, 1967ல ஒக்கயாமா நகரத்துல முதல்ல பதிச்சது இது. பதிக்கிறது சுலபம், அப்புறம் அது மேல பெஞ்சு போடாம, மரக்கறி மூட்டை அடுக்காம, வடைக் கூடை வைக்காம பாத்துக்கிறதுதான் கஷ்டம். வெறும் மஞ்சப் பெயிண்ட் கோடு கொஞ்சம் பார்வை இருக்கிறவங்களுக்கு உதவும், அதுவும் மிஸ்ட்ல மங்கிரும்.

காது கேக்காதவங்களுக்கு?

ஸ்பீக்கர்ல பிளாட்போம் மாத்தம் சொன்னா அவங்களுக்கு அது காத்துல போச்சு. எழுத்துல காட்டுற போர்டு வேணும், மூணு மொழியிலயும். போர்டுக்குக் காசு இல்லன்னா ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் போதும். இங்க நம்ம வயித்தெரிச்சல் ஒண்ணும் இருக்கு, சில இடத்துல அறிவிப்பு சிங்களத்துல மட்டும் வரும், அப்ப காது நல்லா கேக்குற நம்ம ஆத்தாவும் முழிச்சுக்கிட்டுத்தான் நிக்குது.

டொய்லட், டிக்கட் கவுண்டர்?

கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லன்னா உள்ள யாராவது விழுந்தா திறக்கவே முடியாது. செயார் திரும்ப ஒண்ணரை மீட்டர், உக்காருற கொமோட், பக்கத்துல பிடி. கட்டினதை ஸ்டோர் ரூம் ஆக்கி விளக்குமாறும் வாளியும் அடுக்கிப் பூட்டி சாவியைத் தொலைக்காம இருக்கணும். கவுண்டர் உயரம் உக்காந்திருக்கிறவர் முகத்துக்கு வரணும், நம்ம பழைய கவுண்டர்ல உள்ள இருக்கிறவருக்கு வீல்செயார் ஆள் தெரியவே தெரியாது, கை மட்டும் நோட்டோட மேல வரும்.

இதெல்லாம் பண்ணினா எத்தனை பேர் வரப் போறாங்க?

ஸ்டேஷன்ல நின்னு எண்ணினா யாரும் இல்லன்னுதான் தெரியும், ஏற முடியாதவன் எதுக்கு வரப் போறான்? 2012 குடிசன மதிப்பீட்டுப்படி 5 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருக்கு, கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர். அதுக்கு மேல நம்ம தோட்டத்துக் கணக்கு தனி. வாழ்நாள் பூரா சரிவுல கொழுந்துக் கூடையோட நடந்து முழங்கால் தேஞ்ச அம்மாமார், சீனி வருத்தத்துல கால் எடுத்தவங்க, வயித்துல பிள்ளையோட கிளினிக் போறவங்க. இவங்க யாரும் ஃபோர்ம்ல மாற்றுத்திறனாளின்னு எழுத மாட்டாங்க, ஆனா அந்தப் படியில ஏற ரெண்டு பேர் கை குடுக்கணும்.

வேன் பிடிச்சுப் போகலாமேன்னு சொல்றவங்களுக்கு: ஹட்டன்ல இருந்து றாகமைக்கு வேன் கூலி கேட்டுப் பாருங்க, அப்புறம் ஒரு கொழுந்து பறிக்கிறவங்க நாள் சம்பளத்தால வகுத்துப் பாருங்க. கோச்சி றாகமை ஸ்டேஷனுக்கே போகுது.

இப்போதைக்குத் தூக்கித்தான் ஏத்தணும்னா எப்படித் தூக்குறது?

முதல்ல அவர்கிட்ட கேளுங்க. கேக்காம நாலு பேர் பாஞ்சு தூக்குறதுதான் ரொம்பப் பேருக்கு அவமானமாவும் இருக்கு, ஆபத்தாவும் இருக்கு, எங்க பிடிக்கணும்னு அவருக்குத்தான் தெரியும். கைப்பிடியும் கால் பலகையும் சில செயார்ல கழண்டு வரும், அதைப் பிடிச்சுத் தூக்கினா செயார் கீழ, அது மட்டும் உங்க கையில. சட்டத்தைப் பிடிங்க. பிரேக் போடுங்க. ஏறும்போது முதுகுப் பக்கம் முதல்ல, பெரிய சில்லு முன்னுக்குப் போகணும், மேல ரெண்டு பேர், கீழ ரெண்டு பேர், ஒருத்தர் மட்டும் சத்தம் குடுக்கணும். கார்ட்கிட்ட முன்னயே சொல்லி, ஏத்தி முடியுற வரைக்கும் கொடி காட்டாம இருக்கச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம். மோட்டர் வச்ச செயாரை ஆளோட தூக்கவே தூக்காதீங்க, செயாரே ஆள் பாரத்துக்கு வரும்.

போறதுக்கு முன்ன ஸ்டேஷன்ல என்ன விசாரிக்கணும்?

வசதி இருக்கான்னு பொதுவா கேட்டா இருக்குன்னுதான் பதில் வரும். பிரிச்சுக் கேளுங்க: கோச்சி எந்தப் பிளாட்போமுக்கு வரும், முதலாவதுக்கு எடுக்க முடியுமா, எத்தனை நிமிஷம் நிக்கும், எங்க பெட்டி எந்தப் பக்கம் நிக்கும், கதவு செயாரைவிட அகலமா (சாதாரணச் செயார் 65, 70 சென்டிமீட்டர் வரும்), உதவிக்கு எத்தனை பேர் இருப்பாங்க. ஏறுற இடத்துல மட்டும் கேட்டா பத்தாது, இறங்குற இடத்துலயும் கேளுங்க. ஏத்தி விட நாலு பேர் இருந்து, இறக்க யாரும் இல்லாம அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போன கதை நம்ம பக்கம் நிறைய இருக்கு.

புகார் குடுக்கணும்னா?

ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட எழுத்துல குடுத்து, வாங்கினதுக்கு இன்னொரு கொப்பியில கையெழுத்து வாங்கிக்கோங்க. அப்புறம் மருதானையில இருக்கிற ரயில்வே பொது முகாமையாளருக்கு பதிவுத் தபால்ல. தமிழ்லயே எழுதுங்க, தமிழ்லயே பதில் கேளுங்க, அது அரசியலமைப்பு குடுத்த உரிமை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு கண்டியிலயும் பதுளையிலயும் ஒபிஸ் இருக்கு. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுன்னு போறதா இருந்தா சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போகணும், இதை விட்டுட்டு அப்புறம் ஓடாதீங்க.

எனக்குப் பிடிச்ச ஆயுதம் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம். கோபமே படாம ஒரு கேள்வி: எங்க ஸ்டேஷன்ல 2006 விதிமுறைப்படி இதுவரைக்கும் என்னென்ன செஞ்சிருக்கீங்க, மிச்சத்துக்கு என்ன திட்டம், எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? தகவல் குடுக்குறாங்களா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ஒண்ணும் செய்யலன்னு எழுத்துல வந்தா அதுவே நல்ல ஆவணம்.

பணக்கார நாட்டுலயே பழைய ஸ்டேஷனைச் சரி பண்ண முடியலையாமே?

உண்மைதான். லண்டன் சுரங்க ரயில்ல 272 ஸ்டேஷன், படி இல்லாமப் போகக்கூடியது மூணுல ஒரு பங்குதான். நியூயோர்க்ல 472 ஸ்டேஷன், வழக்குப் போட்டு 2022ல ஒரு உடன்பாடு வந்துச்சு, அதுப்படி 95 வீதத்தை முடிக்க 2055 ஆகும். சென்னை மெட்ரோ 2015ல ஓட ஆரம்பிச்சதுல இருந்தே லிஃப்ட் இருக்கு, ஏன்னா அது புதுசு. பழசுல கை வைக்கிறது எங்கயும் கஷ்டம்தான், ஆனா அவங்க சுரங்கத்தைத் தோண்டணும், நமக்கு ஒரு கதவுக்கு மேடு கட்டணும், ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசக் கூடாது.

2025 நவம்பர் டித்வா புயல்ல நம்ம பாதை பல இடத்துல சரிஞ்சு போச்சு. சரிஞ்சதைத் திருப்பிக் கட்டுறப்ப அதே தாழ்வான பிளாட்போமையே மறுபடி கட்டினா இன்னும் நூறு வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க. கேக்குறதுக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

நாங்களே எங்க ஸ்டேஷனை அளந்து குடுக்கலாமா?

குடுக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. ஒரு அளவு நாடா, சரிவு பாக்க போன்ல இருக்கிற லெவல், ஒரு கொப்பி. ரோட்டுல இருந்து பிளாட்போம் வரைக்கும் எத்தனை படி, ஒவ்வொண்ணும் எவ்வளவு உயரம், வாசல் அகலம், பிளாட்போம் எங்க நேரா இருக்கு, எங்க வளையுது. அப்புறம் முக்கியமா, ஒவ்வொரு கோச்சியும் நின்ன பிறகு பிளாட்போம்ல இருந்து பெட்டித் தரைக்கு உயரம், விளிம்புல இருந்து கதவுக்கு இடைவெளி. நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டின்னு ஒவ்வொண்ணும் வேற வேற அளவு காட்டும், அதனால எந்தக் கோச்சி, என்ன தேதி, எந்தக் கதவுன்னு பக்கத்துலயே எழுதுங்க. கோச்சி அசையுறப்ப நாடாவோட குனியாதீங்க, ஒருத்தர் அளக்க ஒருத்தர் கார்டைப் பாத்துக்கிட்டு நிக்கட்டும். ஒரு கொப்பி ஸ்டேஷனுக்கு, ஒண்ணு பிரதேச செயலகத்து சமூக சேவை உத்தியோகத்தருக்கு, ஒண்ணு உங்க கையில.